கறுப்பு எண்கோணம் சொல்லும் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 2016 ஜூன் மாதம் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் எது வரம்பை மீறினாலும், பொட்டலத்தின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்க வேண்டும். முத்திரை பெற்ற பண்டத்தைப் பள்ளியில் விற்கக் கூடாது. அதில் குழந்தைகளை ஈர்க்கும் கார்ட்டூன் படமும் கூடாது. முதல் கட்டத்திலேயே, முத்திரைக்குரிய பானங்களை வீடுகள் வாங்குவது ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது.

அங்குள்ள தாய்மார்களிடம் பேசிய ஆய்வாளர்கள் கண்ட இன்னொரு செய்தி நமக்குரியது. சிறு பிள்ளைகள் முத்திரையைப் பார்த்து, வீட்டில் பெரியவர்களையே மாற்றினார்கள். வளரிளம் பருவத்தினர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

நம் நாட்டில் இத்தகைய முன்பக்க எச்சரிக்கை இன்னும் கட்டாயமாகவில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் காலிப் பொட்டலங்களைக் கொண்டுவரச் சொன்னேன். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்ட பிள்ளைகள் அதிர்ந்து போனார்கள். பாடம் வெற்றி என்று நினைத்தேன்.

மறுநாள் இடைவேளையில் அதே பொட்டலம், அதே கைகளில். "நேத்துதானேப்பா கணக்குப் போட்டோம்?" என்றேன். "காலையில சாப்பிடல சார். பத்து ரூபாய்க்கு வேற என்ன கிடைக்கும்?" என்றான் ஒருவன். என்னிடம் பதில் இல்லை.

2022இல் வந்த காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இவன் ஒன்பதாம் வகுப்பு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டு விதி. 51ஆவது மீட்டரில் கடை இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசினோம். தெருமுனைக் கடைக்கார அம்மாவிடம் கேட்டுக்கொண்டோம். இப்போது அவர் சுண்டலும் அவித்த வேர்க்கடலையும் வைக்கிறார். எல்லாரும் மாறிவிடவில்லை. ஆனால் இடைவேளை முடிவதற்குள் சுண்டல் பாத்திரம் காலியாகிவிடுகிறது.

முத்திரை எச்சரிக்கும், பசியை ஆற்றாது. அட்டவணையை வாசிக்கக் கற்றுக்கொடுப்போம். அதற்கு முன், "காலையில் சாப்பிட்டாயா?" என்று கேட்போம்.