யாருக்குக் கழுத்தை நீட்டினால் தேசத்துரோகம்?

(அனகாபுத்தூரில் இளைஞர்களும் மாணவர்களும் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தேசபக்தி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேசபக்தி என்றாலே கொடி, சிப்பாய், கிரிக்கெட் என்றுதான் பேச்சு போகும். நான் கல்யாணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். என்னடா இது, தேசபக்திக் கூட்டத்துல வந்து கல்யாணப் பேச்சு பேசுறாரேன்னு நினைக்காதீங்க. இந்த நாட்டில் தேசபக்தி எதைக் காவல் காக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பேர் பெற்ற ஒரு பெண் எல்லை தாண்டிக் கல்யாணம் செய்கிறபோது யார் கத்துகிறார்கள், யார் கைதட்டுகிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

2010 ஏப்ரல் மாதம். டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவுக்கும் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் சோயப் மாலிக்குக்கும் ஹைதராபாத்தில் நிக்காஹ் நடந்தது. அவ்வளவுதான் செய்தி. வயது வந்த ஒரு பெண், வயது வந்த ஓர் ஆண். ஆனால் நாட்டின் மானமே கப்பலேறிவிட்டது போல ஒரே கூச்சல். இந்திய நெஞ்சாக இருந்தால் பாகிஸ்தான்காரனுக்காகத் துடித்திருக்காது, இனி அவள் இந்தியப் பெண் இல்லை என்கிற பொருளில் பால் தாக்கரே ‘சாம்னா’ பத்திரிகையில் எழுதினார். நான்கு வருசம் கழித்து, 2014 ஜூலையில், தெலங்கானா அரசு அவரைத் தன் மாநிலத் தூதராக அறிவித்தது. உடனே பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் லட்சுமண், அவர் ‘பாகிஸ்தானின் மருமகள்’ என்றார். சாகும்வரை நான் இந்தியப் பெண்தான் என்று அவர் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் நல்ல மனசுக்காரர்கள் சிலர் ஒரு பட்டியலோடு வருவார்கள். “கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தியாவுக்குத்தானே ஆடினாங்க” என்பார்கள். உண்மைதான். அதே 2010இல் குவாங்சௌ ஆசியப் போட்டியில் பதக்கம் வாங்கினார். 2014இல் இன்சியானில் கலப்பு இரட்டையர் தங்கம். 2015இல் மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்து விம்பிள்டன். ஆனால் இந்த வாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. பதக்கம் வாங்காத பெண் பாகிஸ்தான்காரரை மணந்தால் அவளை என்ன செய்வது? குடியுரிமை என்ன பரிசுக் கோப்பையா, ஜெயித்தவர்களுக்கு மட்டும் கொடுப்பதற்கு? நம்மிடமும் இப்படித்தான் பேசுகிறார்கள். “உங்க ஆளுங்கள்லயும் நல்லா படிச்சவங்க இருக்காங்களே” என்று பாராட்டுகிற மாதிரி சொல்வார்கள். படித்தால்தான் மனுசன், பதக்கம் வாங்கினால்தான் குடிமகள் என்கிற இந்தக் கணக்கு நமக்கு வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டவரை மணந்தார் என்பதற்காக மட்டும் ஒருவருடைய இந்தியக் குடியுரிமை போய்விடாது. ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான். அப்படியானால் கூச்சல் போட்டவர்கள் எந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள்? அந்தச் சட்டப் புத்தகம் நமக்குத் தெரிந்ததுதான். 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் தீயிட்டார்களே, அந்தப் புத்தகம்.

‘மருமகள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சோயப் மாலிக்கை ‘இந்தியாவின் மருமகன்’ என்று சொல்லி அவரை இனிப் பாகிஸ்தானியே இல்லை என்று யாராவது தள்ளினார்களா? இல்லை. ஆண் எங்கே போய்க் கட்டினாலும் அவன் வீடு அவன் வீடுதான். பெண் மட்டும்தான் கைமாறுகிறாள். எல்லைக்கு அந்தப் பக்கம் ‘அண்ணி வந்தாச்சு’ என்று கொண்டாடினார்கள். இந்தப் பக்கம் பறிகொடுத்த துக்கம். இரண்டும் ஒரே மனசுதான். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை என்று நம் பழைய இலக்கணம் பேர் வைத்திருக்கிறது. ஓர் அரசன் பெண் கேட்டு, இன்னொருவன் கொடுக்க மறுத்து, அதனால் வருகிற சண்டைக்கு மகட்பாற்காஞ்சி என்று தனியாகவே ஒரு துறை உண்டு. மாடும் பெண்ணும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கப்பட்டிருக்கிறார்கள். இருபத்தோராம் நூற்றாண்டுத் தேசபக்தன் அந்தப் புத்தகத்தைத்தான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறான்.

பெண் வெளியே போவதுதான் கோபத்துக்குக் காரணம் என்று இதோடு முடித்துவிட முடியாது. 2018 டிசம்பரில் நடிகை பிரியங்கா சோப்ரா அமெரிக்கப் பாடகர் நிக் ஜோனஸை ஜோத்பூர் அரண்மனையில் மணந்தார். அவரும் இந்தியப் பெண்தான். அவரும் வெளிநாட்டவரைத்தான், வேறு மதத்தவரைத்தான் மணந்தார். நாட்டின் மானம் போய்விட்டது என்று அப்போது தெருவில் யாராவது கிளம்பினார்களா? தில்லியில் நடந்த வரவேற்புக்குப் பிரதமர் மோடியே நேரில் போய் வாழ்த்தினார். வாழ்த்தியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நம் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதே நாடு, அதே மாதிரி கல்யாணம். ஒருத்திக்கு வசை, ஒருத்திக்கு வரவேற்பு. ஏன்?

பாகிஸ்தான் எதிரி நாடு, அமெரிக்கா நட்பு நாடு என்பார்கள். மணமகனா வந்து சண்டை போட்டார்? பாகிஸ்தானோடு வியாபாரம் நடந்திருக்கிறது, பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது, பிரதமர்கள் போய் வந்திருக்கிறார்கள். 2010க்குப் பிறகும் நடந்திருக்கிறது. கைகுலுக்கலாம், விருந்து சாப்பிடலாம், பெண் மட்டும் கொடுக்கக் கூடாது. இது நாம் எங்கேயோ கேட்ட விதி மாதிரி இல்லையா? “நாங்க சாதியெல்லாம் பாக்குறதில்லைங்க, கல்யாணம்னு வரும்போதுதான்...” என்று இழுப்பார்களே, அதே விதிதான்.

மனுவின் விதி பெண்ணை வெளியே விடாதே என்பதோடு நிற்கவில்லை. மேல்சாதி ஆண் கீழே இறங்கிப் பெண் எடுத்தால் அது அனுலோமம், பொறுத்துக்கொள்ளலாம். பெண் தனக்குக் கீழே உள்ளவனை ஏற்றால் அது பிரதிலோமம், மன்னிப்பே கிடையாது. பார்ப்பனப் பெண்ணுக்கும் சூத்திர ஆணுக்கும் பிறந்த பிள்ளையைத்தான் சண்டாளன் என்று சொல்லி ஊருக்கு வெளியே நிறுத்தியது. அண்ணல் இதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஏணி மாதிரி, ஒவ்வொரு படியிலும் ஒருவன் நின்று கீழ்ப்படியில் இருப்பவனை மிதிக்கிற அமைப்பு. சாதி இந்து மனசு உலக நாடுகளையும் இதே ஏணியில்தான் அடுக்கி வைத்திருக்கிறது. அமெரிக்கா மேல்படி, வெள்ளைத்தோல் மேல்படி. அங்கே பெண் போனால் அது ‘நல்ல இடம்’. பாகிஸ்தான்காரன், அதிலும் முஸ்லிம் என்றால் கீழ்ப்படி. அங்கே போனால் துரோகம்.

இந்த ஏணியில் இந்தியர்களே கீழ்ப்படியில் நின்ற காலமும் உண்டு. அமெரிக்காவில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை பறிபோனது. பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு 1922இல் அது திருத்தப்பட்டது. ஆனால் குடியுரிமை பெறத் ‘தகுதியற்ற’ ஆசியர்களை மணந்தவர்களுக்கு மட்டும் அந்தத் தண்டனை 1931 வரை நீடித்தது. இந்தியர்களும் அந்தத் தகுதியற்ற பட்டியலில்தான் இருக்கிறார்கள் என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தியனைக் கட்டிய குற்றத்துக்காகத் தன் சொந்த நாட்டிலேயே அந்நியர் ஆன வெள்ளைக்காரப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். அன்றைக்கு அது அநியாயம் என்றால், சானியாவுக்குச் செய்தது மட்டும் எப்படி நியாயம்?

“அப்ப சோனியா காந்தி விசயம் என்ன?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1968இல் இந்த வீட்டுக்கு வந்தவர், 1983இல் குடியுரிமை பெற்றவர். மருமகளாக இருந்தபோது இல்லாத புயல், 1999இலும் 2004இலும் அவர் பிரதமர் ஆகலாம் என்ற நிலை வந்தபோது எழுந்தது. வீட்டுக்கு வந்த பெண் விளக்கேற்றலாம், நாட்டை ஆளக் கூடாது. அதுவும் அதே புத்தகத்தின் இன்னொரு பக்கம்தான்.

அந்தப் புயல் அடித்த 1999இல் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் யார்? கே.ஆர். நாராயணன். கேரளத்து உழவூரில் குடிசையில் பிறந்த தலித். வெளியுறவுப் பணியில் ரங்கூனுக்குப் போனபோது மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்ணைச் சந்தித்தார். வெளிநாட்டவரை மணக்க அந்தப் பணியில் இருப்பவர்களுக்குத் தடை இருந்ததால் நேருவிடம் தனி அனுமதி வாங்கி 1951இல் தில்லியில் மணந்தார். அந்தப் பெண் உஷா என்று பேர் மாற்றிக்கொண்டு இந்தியர் ஆனார். 1997 முதல் 2002 வரை பர்மாவில் பிறந்த ஒருவர் இந்நாட்டின் முதல் பெண்மணியாக இருந்தார். நாடு மூழ்கிவிட்டதா? மாணவத் தோழர்கள் இந்தக் கதையை எடுத்துச் சொல்ல வேண்டும். இதைப் பாடப் புத்தகம் சொல்லிக் கொடுக்காது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2005 மார்ச்சில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் சென்னைப் பெண்ணை மணந்தார். இரண்டு வீடும் பேசி முடித்த கல்யாணம். எந்த ஏணியும் ஆடவில்லை, அதனால் எந்தக் கூச்சலும் இல்லை. 2020இல் அவர் வாழ்க்கைப் படத்தில் நடிக்க விஜய் சேதுபதி ஒப்புக்கொண்டபோதுதான் முரளி துரோகி ஆனார். படத்திலிருந்து நடிகர் விலக வேண்டி வந்தது. போரைப் பற்றி முரளி பேசியதைக் கண்டிக்க நியாயம் உண்டு, கண்டிக்கலாம். ஆனால் அவர் யார்? தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன மலையகத் தமிழர் வழி வந்தவர். அந்த மக்களில் பெரும்பகுதி நம் சேரிகளிலிருந்து கப்பலேறியவர்கள். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பது போலப் பிரித்தார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் ஒரு பட்டியலில், தங்கை ஒரு பட்டியலில் என்று குடும்பங்கள் பிரிந்தன. ஒரு நடிகன் கல்யாணத்துக்குக் கொதிக்கிற தேசம், இத்தனை லட்சம் உழைக்கும் மக்களின் உறவை அறுத்ததற்குக் கொதித்ததா?

இந்த எல்லை நாட்டின் ஓரத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடுகிறது. அதைத் தாண்டினால் வசையோடு விடமாட்டார்கள். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியை எரித்தது ஒரு கல்யாணத்தின் பேரால். 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தோரம் இளவரசன் பிணமாகக் கிடந்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். சானியாவை ‘இனி இந்தியப் பெண் இல்லை’ என்று சொன்ன வாயும், ‘இனி எங்க வீட்டுப் பொண்ணு இல்லை’ என்று சொல்கிற வாயும் ஒரே வாய்.

இதைச் சொல்லிவிட்டு நாம் கைதட்டிக் கலைந்துவிட முடியாது. பறையர் வீட்டில் பள்ளர் மருமகனை, அருந்ததியர் மருமகளை எத்தனை பேர் மனசாரக் கூப்பிடுகிறோம்? ஏணியை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நம் படியை மட்டும் துடைத்து வைத்துக்கொள்ள முடியாது. கிரிக்கெட் மேட்ச் அன்றைக்கு நம் தெருப் பையன்களும் பக்கத்துத் தெரு முஸ்லிம் பையனைப் பார்த்து ‘பாகிஸ்தான்’ என்று கிண்டல் செய்கிறார்களா என்று பாருங்கள். செய்தால் அங்கேயே நிறுத்துங்கள். இன்றைக்கு அவனிடம் கேட்கிற தேசபக்திச் சான்றிதழை நாளைக்கு நம்மிடம் கேட்பார்கள்.

2024 ஜனவரியில் சானியாவும் சோயப்பும் பிரிந்த செய்தி வந்தது. சானியாவே குலா மூலம் விலகியதாக அவர் தந்தை சொன்னார். இதை வைத்து, எல்லை தாண்டினால் இதுதான் கதி என்று யாராவது பாடம் நடத்த வந்தால் விடாதீர்கள். சாதி பார்த்து, ஜாதகம் பார்த்துக் கட்டிய கல்யாணங்களும் நீதிமன்றப் படி ஏறுகின்றன. தேர்ந்தெடுக்க உரிமை உண்டு என்றால் விலகவும் உரிமை உண்டு. இந்துச் சட்ட மசோதாவில் மணவிலக்கையும் சேர்த்து எழுதியவர் அண்ணல். அந்த மசோதாவை முடக்கியதும் அவர் 1951இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக இந்த ஊரைப் பற்றி. அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரைக்கும் கப்பலேறியது. துணி கடல் தாண்டியதற்கு யாரும் சாதி கேட்கவில்லை. 2025 மே மாதம் இதே ஊரில் அடையாற்றங்கரை வீடுகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்தார்கள். ஒரு பெண் யாரை மணந்தாள் என்பதில் புண்பட்ட தேசத்தின் மானம், பல வருசம் வரி கட்டி, ஓட்டுப் போட்டு வாழ்ந்த குடிமக்கள் தட்டுமுட்டுச் சாமானோடு தெருவில் நின்றபோது எங்கே போயிருந்தது?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் பேசினார். சாதிகள்தான் தேசத்துக்கு விரோதமானவை, அவை மக்களைப் பிரித்து வைக்கின்றன என்ற பொருளில் சொன்னார். 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று விளக்கியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அகமணத்தைக் காப்பவன் சாதியைக் காக்கிறான். சாதியைக் காப்பவன் தேசத்துக்கு விரோதி. எல்லை தாண்டிக் கைகோர்க்கிற ஒவ்வொரு ஜோடியும் தேசம் என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் தேடிக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு ஜோடி நம் வாசலில் வந்து நின்றால் கதவைத் திறந்து வைப்போம். பதிவு அலுவலகத்துக்குப் போக சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றால், போடுவதற்கு இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களே போதும்.

ஜெய்பீம்.