கூரையைத் தாங்கும் காற்று
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பயண அனுபவம் ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். 2023 அக்டோபரில் ஜப்பான் போயிருந்தபோது, பெண், மாப்பிள்ளை, பேரனுடன் டோக்கியோ டோம் சிட்டியில் ஒரு நாள் கழித்தோம். க்ஷேத்திரங்களை விட்டுவிட்டு ராட்டினத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வளாகம் நகரத்தின் நடுவில், சுய்தோபாஷி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேஸ்பால் மைதானம், ராட்டினங்கள், வெந்நீர்க் குளியல் மையம், ஹோட்டல், கடைகள், உணவகங்கள் எல்லாம் ஒரே இடத்தில். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஏறும் ராட்டினத்துக்குத்தான் டிக்கெட்.

பௌதிகம் படித்த எனக்கு மைதானத்தின் கூரைதான் முதல் ஆச்சரியம். 1937-ல் கட்டிய பழைய கொராக்குவென் மைதானத்துக்குப் பதிலாக 1988 மார்ச்சில் இது திறக்கப்பட்டது. கூரையைத் தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது. கண்ணாடி இழையில் நெய்து பூச்சுப் பூசிய இரட்டைத் துணிதான் கூரை. எஃகு வடங்களோடு சேர்த்து எடை சுமார் 400 டன். அதைத் தூக்கி நிறுத்துவது வெறும் காற்று! விசிறிகள் ஓயாமல் காற்றைச் செலுத்தி, உள்ளே 0.3 சதவீதம் கூடுதல் அழுத்தத்தை வைத்திருக்கின்றன. இவ்வளவுதானா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாயுமண்டலம் ஒரு சதுர மீட்டரைச் சுமார் 10 டன் எடையுடன் அழுத்துகிறது. அதில் 0.3 சதவீதம் 30 கிலோ. துணிக் கூரையைத் தூக்க அது தாராளம். ஒன்பது மாடி இறங்கினால் ஏற்படும் வித்தியாசம்தான் என்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. காற்று வீணாகாமல் இருக்க, சுழல்கதவு வழியாகத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆட்டம் முடிந்து சாதாரணக் கதவைத் திறந்தால், பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் காற்றே நம்மை வெளியே கொண்டுவந்து விடுகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறி மட்டும்தான் என்று சொன்னாலும் சூப்பிலும் நூடுல்ஸிலும் ‘டாஷி’ என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுப்பது. கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். எங்களைக் காப்பாற்றியது மனைவி கட்டிக்கொண்டு வந்த புளியோதரை.

ராட்டினத்துக்கு வருவோம். 2003-ல் அமைத்த ‘பிக் ஓ’ என்ற ராட்சத ராட்டினத்துக்கு நடு அச்சும் கிடையாது, ஆரங்களும் கிடையாது. 60 மீட்டர் விட்டமுள்ள வெறும் வளையம். அதன் நடுவே புகுந்து ஓடுகிறது ‘தண்டர் டால்ஃபின்’ என்ற ரோலர் கோஸ்டர். உயரம் 80 மீட்டர், வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். பேரன் ஏறினான், நான் கீழே நின்று பை காத்தேன். வண்டி கிளம்புமுன் ஊழியர் ஒவ்வொரு இருக்கையாக வந்து, பாதுகாப்புக் கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்தார். எத்தனை கூட்டம் காத்திருந்தாலும் அதில் அவசரம் இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு என்று மாப்பிள்ளை சொன்னார். 2011 ஜனவரி 30 அன்று, இதே வளாகத்தில் வேறொரு சிறிய கோஸ்டரிலிருந்து 34 வயதுக்காரர் ஒருவர் விழுந்து இறந்துபோனார். அவருடைய கம்பி சரியாகப் பூட்டியிருக்கவில்லை. ஊழியர் கண்ணால் பார்த்தாரே தவிர, கையால் தொட்டுச் சோதிக்கவில்லை என்று பிறகு தெரியவந்தது. ஜப்பானிலேயே இப்படி! இயந்திரம் எத்தனை உயர்ந்ததானாலும், கடைசியில் ஒரு மனிதனின் கைதான் உயிரைக் காக்கிறது.

மைதானத்தை ஒட்டி 1629-ல் தொடங்கிய ஒரு பழைய தோட்டம் இருக்கிறது. ‘கொராக்குவென்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பொருள், பிறகு மகிழும் தோட்டம். பொறுப்பில் இருப்பவர் மற்றவர்களுக்கு முன்பே கவலைப்பட வேண்டும், அவர்களுக்குப் பிறகே மகிழ வேண்டும் என்ற பழைய சீன அறிஞர் ஒருவரின் கருத்திலிருந்து வைத்த பெயர். கேளிக்கைப் பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தின் வருடாந்திர பிக்னிக் இந்த முறை கேளிக்கைப் பூங்காவுக்கு. குழந்தைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, நாம் நிழலில் உட்கார்ந்து காபி குடிப்பது வழக்கம். இந்தத் தடவை ஒவ்வொரு ராட்டினத்துக்கும் இரண்டு பெரியவர்கள் கூடவே போகட்டும். கம்பியை அசைத்துப் பார்க்கும்படி ஊழியரிடம் சொல்லட்டும். பூட்டாத கம்பி ஒன்று இருந்தாலும், யார் முகம் சுளித்தாலும், வண்டியைக் கிளம்ப விட வேண்டாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். காபியைப் பிறகு குடித்துக்கொள்ளலாம்.