"இதுக்கு மார்க் உண்டா, மேடம்?": வேலையிடத்தில் விளையாட்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் பேச்சு நடை திருத்தப்பட்டுள்ளது.)

"கம்பெனி கம்பெனியா போய் விளையாட்டு, டெக்னாலஜி, பயிற்சின்னு பேசுறீங்களே, அங்க அப்படி என்னதான் பண்ணுவீங்க?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது, பயிற்சியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்களுக்கும் இருக்கிறது.

எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "மேடம், லஞ்சுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஸ்லாட் இருக்கு. ஜாலியா ஏதாவது கேம் வெச்சுக் குடுங்க. யாரும் தூங்கிடக் கூடாது, அவ்ளோதான்." நான் சொல்லும் பதில், "ஒரு மணி நேரம் விளையாடினா, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசணும். ரெண்டு மணி நேரம் குடுங்க." பல அழைப்புகள் அத்தோடு முடிந்துவிடும்.

இன்னொரு கேள்வி ஹாலுக்குள் வரும். மேஜையில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்பார்: "இதுக்கு மார்க் உண்டா, மேடம்?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால் அந்த ஹாலில் இருப்பதிலேயே முக்கியமான கேள்வி அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

துருத்தியில் பறந்த விமானம்

வேலைப் பயிற்சிக்கு விளையாட்டு வந்தது கம்ப்யூட்டருக்கும் முந்தைய கதை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்று ஓர் ஊர். அங்கே எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத்துக்கு பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. லிங்குக்கு விமானம் ஓட்டுவதில் பைத்தியம். ஆனால் கற்றுக்கொள்ளச் செலவு அதிகம். ஆர்மோனியத்தில் காற்றடிக்கும் துருத்தி இருக்கிறது இல்லையா, அந்த மாதிரி ஆர்கன் துருத்திகளையும் காற்று பம்புகளையும் வைத்து, தரையில் நின்றபடியே சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும் ஒரு குட்டி விமானத்தை 1929-ல் செய்தார். முதலில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். நம்ம ஊர்ப் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி, காசு கொடுத்து ஏறி ஆடிவிட்டு இறங்கும் சாதனம்.

1934-ல் அமெரிக்க அரசு விமானத் தபால் வேலையைத் தனியார் கம்பெனிகளிடமிருந்து எடுத்து ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. குளிர்காலம், பனி, ராத்திரி. வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. சில மாதங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கின் கருவியில் 6 வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் அது ஆயிரக்கணக்கில் தயாரானது. லட்சக்கணக்கானவர்கள் அதில் பழகினார்கள்.

பூங்காவிலும் ராணுவத்திலும் இருந்தது ஏறக்குறைய ஒரே கருவிதான். ஆனால் பயிற்சி அறையில் கூடுதலாக ஒன்று இருந்தது. பயிற்சியாளரின் மேஜையில் ஒரு வரைபடம், அதன் மேல் மூன்று சக்கரத்தில் ஊர்ந்து மைக்கோடு போடும் ஒரு சின்னக் கருவி. அதற்கு 'நண்டு' என்று பெயர். உள்ளே உட்கார்ந்தவர் எங்கே வழி தவறினார் என்பது அந்தக் கோட்டில் தெரிந்துவிடும். இறங்கி வந்ததும் இருவரும் கோட்டைப் பார்த்துப் பேசுவார்கள். "இந்த இடத்துல ஏன் திரும்பின?" மலையில் மோதியிருக்க வேண்டியவர், டீ குடித்துக்கொண்டே அதற்குப் பதில் சொல்லலாம்.

வேலையிடத்து விளையாட்டு என்றால் எனக்கு இதுதான். தவறு செய்தால் உயிரோ, பணமோ, வேலையோ போகாத ஓர் இடம். கூடவே, அந்தத் தவறைக் காட்டிப் பேச ஒரு கோடு.

தரையில் ஓர் அட்லாண்டிக்

இரண்டாவது உதாரணம் இங்கிலாந்தின் லிவர்பூல், 1942. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காசநோய் காரணமாகக் கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டு, டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். அவருடைய குழுவில் இருந்தவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். பலருக்கு இருபது வயதுதான் இருக்கும்.

அவர்கள் செய்தது என்ன? தரையைக் கடலாக்கினார்கள். குட்டிக் கப்பல் பொம்மைகளை வைத்து, சாக்பீஸால் பாதை வரைந்தார்கள். காவல் கப்பல் கேப்டன்களாக விளையாட வந்த அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். திரையில் ஓட்டை போட்டிருக்கும். அது வழியாக அவர்களுக்குத் தெரிவது, நிஜக் கடலில் அவர்கள் கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். நீர்மூழ்கியின் பாதை அவர்கள் கண்ணுக்கு எட்டாத நிறத்தில் வரையப்பட்டிருக்கும். ஒரு நகர்த்தல் என்பது கடலில் இரண்டு நிமிடம்.

நீர்மூழ்கி கப்பல் கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்று சுடுகிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். தரையில் விளையாடிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. அது ராத்திரியில் பின்பக்கமாகக் கூட்டத்துக்கு உள்ளேயே நுழைந்து சுட்டுவிட்டு நழுவுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதை மடக்க ஒரு புது உத்தி உருவானது. அதற்கு 'ராஸ்ப்பெர்ரி' என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற அந்தக் குழுவின் பெண். அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் ஒருமுறை நீர்மூழ்கி ஆளாக வந்து விளையாடி, ஜேனட் ஓக்கெல் என்ற இளம்பெண்ணிடம் ஐந்து ஆட்டமும் தோற்றார் என்று சொல்வார்கள். போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயிற்சி எடுத்தார்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் மேனேஜர்கள் சிரிப்பார்கள். அப்போது நான் கேட்பேன்: "உங்க கம்பெனியில ஜி.எம். ஒரு ட்ரெய்னியிடம் எல்லார் முன்னாடியும் தோற்க முடியுமா?" ஹால் கொஞ்சம் அமைதியாகிவிடும்.

பன்னீர் சோடா ஆட்டம்

சரி, நான் நடத்தும் விளையாட்டுக்கு வருகிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1960-களிலிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. மேலாண்மைப் பள்ளியில் விளையாடப்படுவது. ஜே ஃபாரஸ்டர் அங்கே ஆரம்பித்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. பெயர் 'பீர் கேம்'. நம்ம ஆபீஸ் சர்க்குலரில் அந்தப் பெயரைப் போட்டால் பெரிய விவாதமே நடக்கும் என்பதால், நான் பன்னீர் சோடா ஆக்கிவிட்டேன்.

ஒரு டீமில் நாலு இடம். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஃபேக்டரி. ஒவ்வொரு 'வாரமும்' கடைக்கு வாடிக்கையாளரின் ஆர்டர் ஒரு சீட்டில் வரும். கடைக்காரர் தனக்கு மேலே இருப்பவருக்கு ஆர்டர் எழுதுவார். அவர் அடுத்தவருக்கு. ஆர்டர் போய்ச் சேர இரண்டு வாரம், சரக்கு வந்து சேர இரண்டு வாரம். கையில் சரக்கு தேங்கினால் பெட்டிக்கு வாரம் அரை டாலர் நஷ்டம், கேட்ட சரக்கு கொடுக்க முடியாமல் போனால் ஒரு டாலர். நான் அதை ரூபாயாக மாற்றிக்கொள்வேன். ஒரே ஒரு தடை: நாலு பேரும் ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. சீட்டில் எண் மட்டும்தான் போகும்.

பத்தாவது வாரத்துக்குள் சத்தம் ஆரம்பித்துவிடும். "ஃபேக்டரி தூங்குதா?" "இந்தக் கடைக்காரன் என்ன கண்ணை மூடிக்கிட்டு ஆர்டர் போடுறான்?" சரக்கு வராத பயத்தில் எல்லாரும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எழுதுவார்கள். அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். ஆர்டர் பூஜ்யத்துக்கு இறங்கும். ஃபேக்டரி ஆள் தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஆட்டம் முடிந்ததும், யாரும் சீட்டுக்கட்டைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை கொடுப்பேன். "வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு கேட்டிருப்பார்? ஒரு கோடு போட்டுக் காட்டுங்க." கடைக்காரரைத் தவிர மற்ற மூன்று பேரும் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். பிறகு சீட்டுகளைத் திருப்பிக் காட்டுவேன். முதல் நாலு வாரம் 4 பெட்டி. ஐந்தாவது வாரம் 8. அதிலிருந்து கடைசி வரைக்கும் அதே 8. ஒரே ஒரு படி ஏறியது, அவ்வளவுதான். மலையையும் பள்ளத்தையும் உருவாக்கியது அவர்களே.

எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் 1989-ல் இந்த ஆட்டத்தின் முடிவுகளை ஆராய்ந்து எழுதினார். டீம்களுக்கு ஆன செலவு, ஆகியிருக்க வேண்டிய செலவைப் போல் சராசரியாகச் சுமார் பத்து மடங்கு. முட்டாள்கள் விளையாடியதால் இல்லை. எந்த ஆளைக் கொண்டு வந்து உட்காரவைத்தாலும் அந்த அமைப்பு அப்படித்தான் ஆட்டிவைக்கும்.

ஒருமுறை ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்த ஒருவர் அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எதிர்மேஜையில் இருந்த பர்ச்சேஸ் ஆளிடம், "ஆறு வருஷமா உங்களைத்தான் தம்பி திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். ஒரு மணி நேரம் பேசணும் என்று நான் அடம்பிடிப்பது இதற்குத்தான். ஆட்டத்தோடு கைதட்டி அனுப்பியிருந்தால், இருவரும் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்பது மூன்றுதான். என்ன நடந்தது? ஏன் நடந்தது? நாளைக்குக் காலையில உங்க டேபிள்ல எதை மாத்துவீங்க? இந்த வரிசையும் முக்கியம். "ஏன்" முதலில் வந்தால் உடனே யார் மேல் தப்பு என்று போய்விடும்.

ஸ்கிரீனில் பெயர் ஏறும்போது

இப்போது டெக்னாலஜி. இதில் எனக்கு எதிர்ப்பு கிடையாது. 2018-ல் வால்மார்ட் தன் அமெரிக்கக் கடைகளுக்கு 17,000 வி.ஆர். ஹெட்செட்டுகளை அனுப்புவதாக அறிவித்தது. தள்ளுபடி நாள் கூட்ட நெரிசலில் என்ன செய்வது என்பதை அதற்கு முன்பே அதில் பழக்கினார்கள். லிங்கின் துருத்தி விமானத்துக்கு அது பேரப்பிள்ளை. நிஜத்தில் முயன்று பார்க்க முடியாததைப் பொய்யாக முயன்று பார்க்க வைக்கிறது.

ஆனால் டெக்னாலஜி என்ற பெயரில் நிறைய இடங்களில் விற்பது வேறு சரக்கு. பாயின்ட், பேட்ஜ், லீடர்போர்டு. விளையாட்டின் தோலை உரித்து வேலையின் மேல் போர்த்துவது. அமெரிக்காவில் அனாஹெய்ம் நகரத்து டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைப் பிரிவில், யார் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார் என்பதைப் பெயரோடு பெரிய திரையில் காட்டினார்கள். 2011-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அதைப் பற்றி எழுதியது. ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் 'மின்னணுச் சாட்டை'. பின்தங்கிவிடுவோம் என்று பாத்ரூம் போவதைக்கூடச் சிலர் தவிர்த்தார்களாம்.

அங்கேயும் ஸ்கோர் உண்டு, போட்டி உண்டு, திரை உண்டு. ஆனால் தவறு செய்து பார்க்க இடமே கிடையாது. போர்வையை மெதுவாக மடித்துப் பார்த்து எதையும் கற்க முடியாது, உடனே பெயர் சிவப்பாகிவிடும் என்றால், அதை விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் கேட்கும் மூன்று கேள்விகள்

அதனால் ஒரு அழைப்பை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் நான் மூன்று விஷயம் கேட்பேன்.

ஒன்று: இந்தப் பயிற்சியில் உங்கள் ஆட்கள் எந்தத் தவறைப் பயமில்லாமல் செய்து பார்க்க வேண்டும்? "டீம் ஸ்பிரிட் வளரணும்" என்பது இதற்குப் பதில் ஆகாது. "பெரிய ஆர்டர் ரத்தானால் டெஸ்பாட்ச் என்ன செய்யும்" என்பது பதில்.

இரண்டு: ஆட்டத்துக்குப் பிறகு பேச நேரம் உண்டா? மேலதிகாரி அந்த நேரத்தில் ஹாலில் இருப்பாரா, இருந்தால் அவரும் விளையாடுவாரா? சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர் வேண்டாம்.

மூன்று: ஸ்கோர் யாரிடம் போகும்?

இந்த மூன்றாவதில்தான் பல பேச்சுகள் முறிந்திருக்கின்றன. ஒரு கம்பெனியில் எல்லாம் முடிவாகி, தேதிகூடக் குறித்த பிறகு, ஒரு வரி வந்தது: ஒவ்வொருவரின் ஸ்கோரையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர்களைப் பணியில் உறுதிப்படுத்த அதையும் பார்ப்பார்களாம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பாதிப் பேர் வீட்டில் முதல் சம்பளம் வாங்குகிறவர்கள். பன்னீர் சோடா ஆட்டத்தில் யாராவது நல்ல ஸ்கோர் எடுத்தால், பெரும்பாலும் பக்கத்து மேஜைக்காரர் கொஞ்சம் நிதானமாக ஆர்டர் போட்டார் என்று அர்த்தம். அதை வைத்து ஒரு பிள்ளையின் வேலையை எப்படித் தீர்மானிப்பது? விளக்கிச் சொன்னேன். "ஸ்கோர் இல்லாம மேனேஜ்மென்ட் பணம் சாங்ஷன் பண்ணாது மேடம்" என்றார்கள். நான் போகவில்லை.

இப்போது பின்வரிசைக் கேள்விக்கு வரலாம். "இதுக்கு மார்க் உண்டா?" கேட்கிறவர் உண்மையில் கேட்பது, "இங்க தப்பு பண்ணா என்னை என்ன பண்ணுவீங்க?" என்றுதான். மார்க் உண்டு என்று ஆகிவிட்டால் மனிதர்கள் தெரிந்ததை மட்டும்தான் செய்வார்கள். தெரிந்ததை மட்டும் செய்கிற இடத்தில் கற்பது எங்கே நடக்கும்? அதனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. ஹாலில் இருக்கும் பெரிய அதிகாரியை எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லச் சொல்வேன்: "மார்க் கிடையாது. யார் எவ்வளவுன்னு நான் கேட்கவும் மாட்டேன்." அந்த வாக்கியத்துக்கு அப்புறம்தான் சீட்டு கொடுப்பேன்.

உங்கள் ஆபீஸில் இதைச் செய்து பார்க்க என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லை. நாலு பேர், ஒரு மேஜை, கொஞ்சம் பேப்பர், பெட்டிகளுக்குப் பதிலாக இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை. 36 வாரம் விளையாடுங்கள், ஆனால் 50 வாரம் என்று சொல்லி ஆரம்பியுங்கள். முடிவு தெரிந்தால் கடைசியில் சரக்கைக் காலிசெய்யப் பார்ப்பார்கள். விளையாடின அளவுக்கு நேரம் பேசுங்கள். பேசி முடித்ததும் ஸ்கோர் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

செய்து பார்த்தவர்கள் என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.