காசி மன்னர் வெட்டுவித்த ஆங்கிலக் கிணறு



இங்கிலாந்து என்றதும் ஓயாத மழையும் ஈரம் மாறாப் பசும்புல்லுமே நினைவுக்கு வரும். அந்நாட்டிலும் குடிநீருக்கு ஏங்கிய ஊர் ஒன்று இருந்தது. ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்தில், சில்டர்ன் குன்றுகளின் மேல் அமைந்த ஸ்டோக் ரோ என்னும் சிற்றூரே அது. அவ்வூரின் அடிநிலம் சுண்ணப்பாறை. பெய்யும் மழையெல்லாம் அதனூடே இறங்கி ஆழத்தில் மறைந்துவிடும். மக்கள் களிமண் பள்ளங்களிலும் குட்டைகளிலும் தேங்கிய நீரைக் கொண்டு காலங்கழித்தனர். கோடையில் அவையும் வற்றிவிடும்.

அருகிலுள்ள இப்ஸ்டன் நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்தவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட்; நாவலாசிரியர் சார்லஸ் ரீடின் தமையனார். இந்தியாவில் வடமேற்கு மாகாணங்களில் உயர்பதவி வகித்த இவர், 1831-இல் அசம்கரில் ஒரு கிணறு வெட்டுவித்தார். காசி மன்னர் ஈசுவரி பிரசாத் நாராயண் சிங்கிடம் உரையாடுகையில், வீட்டில் எஞ்சியிருந்த நீரைக் குடித்துவிட்டதற்காகத் தாயிடம் அடிவாங்கிய தம்மூர்ப் பக்கத்துச் சிறுவனைப் பற்றியும் கூறினார். ரீட் தாயகம் திரும்பிய பின், இங்கிலாந்தில் ஓர் அறம் செய்ய விழைந்த மன்னருக்கு அச்சிறுவன் நினைவுக்கு வந்தான்.

1863 மார்ச்சில் பணி தொடங்கியது. நான்கடி விட்டமே உடைய குழியினுள் இருளில் இறங்கி, மனிதர் கையாலேயே 368 அடி தோண்டினர். இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் உயரம் 365 அடி என்பதை எண்ணினால் இவ்வுழைப்பின் அருமை விளங்கும். வரலாறு மன்னர் பெயரைக் காத்தது. தோண்டியவர்களை எத்தனை பேர் நினைக்கின்றனர்?

1864 மே 24-இல், விக்டோரியா அரசியின் பிறந்தநாளில், கிணறு திறக்கப்பட்டது. எவரும் விலையின்றி நீர் கொள்ளலாம் என்பது ஏற்பாடு. காவலருக்கு ஒரு குடிலும், பராமரிப்புக்கு வருவாய் தரச் செர்ரிப் பழத்தோட்டமும் அமைந்தன. நம் கோயில்களுக்கு விடப்படும் மானிய நிலத்தை ஒத்தது அத்தோட்டம்.

இக்கொடையில் அரசியல் இல்லையோ என்று வினவலாம், உண்டு. 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் இம்மன்னர். ஆளும் நாட்டாரின் நன்மதிப்பை அவர் நாடியிருக்கக் கூடும். ஆயினும் உலகின் செல்வத்தைத் தன்னிடம் குவித்துக்கொண்ட ஒரு நாடு, தன் தலைநகருக்கு அணித்தே இருந்த ஏழைகளின் தாகத்தைத் தீர்க்காமல் விட்டிருந்தது என்னும் உண்மையை இக்கிணறு காட்டிவிடுகிறது. கொடுத்தவர் ஆளப்பட்ட நாட்டவர் என்பது ஆங்கில வரலாற்று நூல்கள் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஊரார் அந்நீரைப் பருகினர். குழாய் நீர் வந்தபின் பயன்பாடு குறைந்தது. 1964-இல் நூற்றாண்டு விழாவுக்கு எடின்பரோ கோமகன் பிலிப் வந்திருந்தார். ஆலயமும் பள்ளியும் உடைய அவ்வூரில், குவிமாடத்தின் கீழ், நீர் இறைக்கும் பொறியின் மேல் பொன்னிற யானை ஒன்று இன்றும் நிற்கிறது.