நுரையீரலில் எந்தப் பகுதி உழைக்கிறது?

(மல்லாங்கிணற்றில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் பக்கத்தில் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறார்கள். அந்தச் சொல்லே பாதிப் பேரைப் பயமுறுத்திவிடுகிறது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “தாத்தாவுக்கு நெஞ்சுல கரண்ட் வைக்கணுமாம் டீச்சர். நுரையீரல் கருகிப்போயிருமா?” என்று கேட்டாள். வீட்டில் சிகிச்சையே வேண்டாம் என்று பேச்சாம்.

உடலுக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. போவது உயர் ஆற்றல் எக்ஸ் கதிர், அல்லது கோபால்ட்-60 தரும் காமா கதிர். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கு 1957இலேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

ஆனால் அந்தப் பிள்ளையின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நுரையீரல் புற்றுக்கு வழக்கமாக நாளுக்கு 2 கிரே வீதம் 30 தவணைகளில் 60 கிரே கொடுக்கிறார்கள். கட்டியை அடைய, கதிர் நல்ல நுரையீரலையும் கடந்தாக வேண்டும். அதனால் 20 கிரேயோ அதற்கு மேலோ வாங்கும் நுரையீரல் பகுதி, மொத்தத்தில் சுமார் 35 சதவீதத்தைத் தாண்டாமல் திட்டமிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. நுரையீரல் முழுவதும் ஒரே மாதிரி உழைப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. பல வருடம் பீடி குடித்தவருக்கும், பழைய காசநோய்த் தழும்பு உள்ளவருக்கும் அப்படி இருக்காது. நம் கண்மாய் ஆயக்கட்டையே பாருங்கள். பட்டாவில் எல்லாம் நஞ்சை. போய்ப் பார்த்தால் மடையை ஒட்டிப் பயிர் நிற்கும். கடைசியில் சீமைக்கருவேலம் நிற்கும். நடுவே பாதை போட வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போடுவோம்? சாதாரண சி.டி. ஸ்கேன் பட்டா மாதிரி; உருவத்தைக் காட்டும். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை மொத்த மகசூலைச் சொல்லும். எந்த வயலில் விளைந்தது என்று இரண்டும் சொல்லாது.

அதைச் சொல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, டெக்னீசியம்-99எம் சேர்த்த நுண்ணிய அல்புமின் புரதத் துகள்களைக் கை நரம்பில் ஏற்றுவது. இரத்தம் நன்றாக ஓடும் இடத்தில் அவை நிறையத் தங்கும். காமா கேமரா அதைப் படமாக்கும். அடைபடுவது மிகச் சில நுண்குழாய்கள்தான்; துகள்களும் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். டெக்னீசியத்தின் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். ஒரு நாள் கழித்து எவ்வளவு மிச்சம் என்று வகுப்பில் கேளுங்கள். 1/16 என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மற்றொன்றுக்கு ஊசியே வேண்டாம். மூச்சு விடும்போது கட்டி எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க, நான்கு பரிமாண சி.டி. பல இடங்களில் எப்படியும் எடுக்கிறார்கள். மூச்சை இழுத்தபோதும் விட்டபோதும் உள்ள படங்களைக் கணினி ஒப்பிட்டு, எந்தப் பகுதி எவ்வளவு விரிகிறது என்று கணக்கிடுகிறது. விரியும் இடத்தில் காற்று போகிறது என்று பொருள். (எனக்கு இந்த முறைதான் அதிகம் பிடித்திருக்கிறது, இருக்கிற படத்திலிருந்தே கிடைக்கிறதே!)

படம் வந்ததும் கதிரின் கோணங்களை மாற்றி, உழைக்கும் பகுதியை முடிந்தவரை ஒதுக்குகிறார்கள். கட்டிக்குப் போகும் அளவைக் குறைப்பதில்லை. இதயமும் தண்டுவடமும் குறுக்கே இருப்பதால் நினைத்த கோணமெல்லாம் கிடைக்காது. கட்டி மூச்சுக்குழாயை அடைத்திருந்தால், இன்று தரிசாகத் தெரியும் பகுதி கட்டி சுருங்கியதும் மறுபடி உழைக்கத் தொடங்கலாம். ஆகவே படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. இந்த முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வில்தான் இருக்கிறது. எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கும் என்று பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இதைச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதம்வரை கவனம் தேவை. வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால், சாதாரணச் சளி என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அது கதிரால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. சிகிச்சைச் சீட்டை எடுத்துக்கொண்டு, கதிர்வீச்சு கொடுத்த மருத்துவரிடமே போகச் சொல்லுங்கள்.