உதவித்தொகையும் உரிய காலமும்

(கல்லூரி மாணவர்களும் மாவட்ட நல அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

2024-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் மாலை ஐந்து மணிக்குள் ரூ.17,500 செலுத்த வேண்டும் என்பது விதி. உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத்திலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. பணம் திரட்டப்பட்டது, ஆனால் செலுத்தி முடிப்பதற்குள் கெடு கடந்துவிட்டது. இடமும் பறிபோயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 142-ஆவது விதி அளிக்கும் அதிகாரத்தைக் கொண்டு, அம்மாணவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது.

தீர்ப்பை நாடே பாராட்டியது. எனினும் இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் வேறு. அம்மாணவரிடம் தகுதி இருந்தது. பணமும் இறுதியில் வந்து சேர்ந்தது. குறைந்தது சிறிது நேரமே. உச்ச நீதிமன்றத்தின் வாயிலை எல்லா மாணவரும் எட்டிவிட முடியாது. கல்வி உதவித்தொகையைப் பொறுத்தவரை, எவ்வளவு என்ற கேள்விக்கு இணையானது எப்போது என்ற கேள்வியாகும்.

உதவியின் வரலாறு

1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மூன்றாண்டுகளுக்கு வழங்கிய மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையே டாக்டர் அம்பேத்கரைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றது. அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1944-இல், ஷெட்யூல்டு வகுப்பு மாணவர்களின் மெட்ரிக் வகுப்புக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது.

நெடுங்காலம் இத்திட்டத்தில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு வீதம் நிலையாக இல்லை. ஒரு திட்டக் காலத்தின் இறுதியில் ஆன செலவு அடுத்த காலத்தில் மாநிலத்தின் பொறுப்பாகிவிடும். அதற்கு மேற்பட்ட செலவையே மத்திய அரசு ஏற்கும். 2017-18 முதல் 2019-20 வரை மத்திய உதவி ஆண்டுக்குச் சுமார் ரூ.1,100 கோடி அளவிலேயே நின்றது. சுமையைத் தாங்க இயலாத மாநிலங்களில் நிலுவை பெருகியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இம்முறையைக் கைவிட்டு, பொதுவாக 60-க்கு 40 என்ற பங்கு வீதத்தை ஏற்றது. 2025-26 வரையிலான காலத்திற்கு ஒப்புதல் பெற்ற மொத்தச் செலவு ரூ.59,048 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு ரூ.35,534 கோடி. மாநிலம் தன் பங்கை வழங்கிய பின்னர், மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாகச் செல்ல வழி வகுக்கப்பட்டது.

தாமதத்தின் விலை

தாமதத்திற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் மாணவரே. ரூ.20,000 உதவித்தொகை பெறவேண்டிய ஒரு மாணவியின் தந்தை, சேர்க்கையின்போது அத்தொகையை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குவதாகக் கொள்வோம். உதவித்தொகை பத்து மாதங்கள் கழித்து வந்தால் வட்டி மட்டும் ரூ.6,000 ஆகிறது. அரசின் ஏட்டில் ரூ.20,000 வழங்கப்பட்டதாகவே பதிவாகும்; அக்குடும்பத்திற்குக் கிடைத்ததோ ரூ.14,000 தான். எஞ்சியது வட்டிக் கடைக்குப் போயிற்று. கடனும் கிடைக்காத வீட்டுப் பெண் கல்லூரிக்கே வருவதில்லை. அவள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

மாணவர் செய்யவேண்டுவன

முதலாவதாக, தமக்குரிய திட்டம் எது என்று அறிதல் வேண்டும். சாதி அடிப்படையிலான திட்டங்கள் மட்டுமே உள்ளன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தத்தம் தேர்வு வாரியத்தில் முன்னணியில் நிற்கும், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்திற்கு மிகாத மாணவர்களுக்கென மத்திய அரசு ஆண்டுதோறும் 82,000 புதிய உதவித்தொகைகளை ஒதுக்கியது. அவற்றுள் பாதி பெண்களுக்கு உரியவை. தொழில்நுட்பக் கல்வி பயிலும் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஆண்டுக்கு ரூ.50,000 வழங்கும் திட்டங்களை வகுத்தது.

இரண்டாவதாக, சான்றுகளைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே பெற்று வைத்தல் வேண்டும். சேர்க்கைக் காலத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம் மிகும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாதிருக்க வேண்டும். ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கிற்கே பணம் செல்லும். அக்கணக்கு செயலற்றுக் கிடந்தால் பணம் திரும்பிவிடும்.

மூன்றாவதாக, விண்ணப்பம் அனுப்பியதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. 2015-இல் தொடங்கப்பெற்ற தேசிய உதவித்தொகை இணையதளத்தில், குறையுள்ள விண்ணப்பம் திருத்தத்திற்காக மாணவருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. அதைக் கவனியாமல் நாள் கடத்தினால் வாய்ப்பு நழுவும். ஒருமுறை கிடைத்தால் ஆண்டுதோறும் தானாக வரும் என்பதும் தவறு. புதுப்பித்தலுக்கு ஒவ்வோராண்டும் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் அப்போது பார்க்கப்படும்.

அலுவலர் பொறுப்பு

விண்ணப்பத்தை முதலில் சரிபார்ப்பது கல்வி நிறுவனம். அடுத்து மாவட்ட அல்லது மாநில அலுவலர். எந்த மேசையில் தங்கினாலும் அது ஒரு குடும்பத்தின் வட்டிக் கணக்கை ஏற்றுகிறது. தகுதியற்றவருக்குப் பணம் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை தேவையே. போலி நிறுவனங்களின் பேரில் பணம் கையாடப்பட்ட வழக்குகளும் உண்டு. ஆனால் ஐயம் எழுந்த விண்ணப்பங்களைத் தனியே பிரித்து ஆராய்வது ஒன்று. அவற்றைக் காரணங்காட்டி அனைத்தையும் நிறுத்திவைப்பது மற்றொன்று. குறையிருப்பின், கெடு முடியும் நாளில் அன்றி, திருத்த அவகாசம் இருக்கும்போதே தெரிவிப்பதுதான் உதவி.

ஒதுக்கீட்டில் எவ்வளவு செலவாயிற்று என்பதை ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. விண்ணப்பித்த நாளுக்கும் பணம் சேர்ந்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் கழிந்தன என்பதையும் ஒவ்வொரு மாவட்டமும் கணக்கிட்டு வெளியிடுமானால், திட்டத்தின் உண்மையான பயன் விளங்கும். அந்த இடைவெளியைக் குறைப்பது, ஆவணங்களை ஆயத்தமாக வைத்திருக்கும் மாணவரும் அவற்றை உடனே பார்க்கும் அலுவலரும் சேர்ந்து செய்யவேண்டிய பணியாகும்.