வரிக் கணக்கில் வாழும் இதழ்கள்

நேற்றைய நாளிதழ் இன்று கடைக்காரர் பொட்டலம் மடிக்கும் தாள். நூறாண்டு கழித்து ஒருவர் அதனைத் தேடி வருவார் என்று அச்சிட்டவரும் எண்ணுவதில்லை. வாங்கிப் படித்தவரும் எண்ணுவதில்லை. அவ்வாறாயின், நீராவிப் பொறிக் காலத்துப் பத்திரிகைகளின் வரலாற்றை ஆராய்வோர்க்குச் சான்றுகள் எங்கிருந்து கிடைக்கின்றன? இதழ்களைக் கட்டுப்படுத்த முயன்றவர்கள் எழுதிவைத்த ஏடுகளே இவ்வகையில் பெரிதும் உதவுகின்றன என்பது விந்தையன்றோ!

முதலில் இங்கிலாந்தை நோக்குவோம். 1814 நவம்பர் 29-ஆம் நாள் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் நீராவியால் இயங்கும் பொறியில் அச்சாகி வெளிவந்தது. அப்பொறியை அமைத்தவர் பிரெடெரிக் கோனிக் என்னும் ஜெர்மானியர். கையால் இயக்கும் பொறி மணிக்கு ஏறத்தாழ 250 தாள்களை அச்சிட, இப்புதிய பொறி 1,100 தாள்களை அச்சிட்டது. பொறி விரைந்தது, ஆயின் அரசு கடிவாளத்தைத் தளர்த்தவில்லை. 1712 முதல் நடைமுறையில் இருந்த முத்திரை வரி, 1815-இல் படி ஒன்றுக்கு 4 பென்ஸ் என உயர்ந்தது. உழைப்பாளியின் கைக்குச் செய்தித்தாள் எட்டாப் பொருளாயிற்று.

அந்த வரியே இன்று ஆராய்ச்சியாளர்க்கு விளக்காகப் பயன்படுகிறது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு படியிலும் அரசு முத்திரை இருத்தல் வேண்டும். ஆகவே, எந்த இதழ் எத்தனை முத்திரை பெற்றது என்பது வரித்துறைக் கணக்கில் ஏறியது; அக்கணக்குப் பாராளுமன்றத்தின் முன்னும் வைக்கப்பட்டது.

ஆயினும் விளக்கின் அடியில் இருளும் உண்டு. முத்திரை பெற்ற தாளெல்லாம் விற்ற தாள் அல்ல. விற்ற படி ஒன்றைப் படித்தவர் ஒருவரே என்பதும் இல்லை. காப்பி விடுதிகளில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கூடிக் கேட்டனர். இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஹென்றி ஹெதெரிங்டன் 1831-இல் தொடங்கிய 'புவர் மேன்ஸ் கார்டியன்' என்னும் இதழ், முத்திரையின்றி ஒரு பென்னிக்கு விற்றது. அதற்காக அவர் சிறை சென்றார். முத்திரையில்லா இதழ்களைத் தெருவில் விற்ற நூற்றுக்கணக்கானோரும் சிறை சென்றனர். ஏழைகள் விரும்பிப் படித்த அவ்விதழ்களுக்கு வரிக் கணக்கில் ஓர் எண்கூட இல்லை. அவற்றை விற்றவர் யாவர் என்று அறிய வழக்கு ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

அப்போராட்டம் வீண்போகவில்லை. 1836-இல் வரி ஒரு பென்னியாகக் குறைந்தது. 1855-இல் கட்டாய முத்திரை ஒழிந்தது. 1861-இல் காகித வரியும் நீங்கியது. 1855-இல் பிறந்த 'டெய்லி டெலிகிராப்' அவ்வாண்டிலேயே ஒரு பென்னி நாளிதழ் ஆயிற்று. இதழ்கள் விடுதலை பெற்றபோதே பழைய கணக்கும் பயனற்றுப் போயிற்று. அதன்பின் எத்தனை படிகள் விற்றன என்பதற்கு, தம் பெருமையைத் தாமே பேசும் பத்திரிகைகளின் கூற்றையே பெரிதும் சார வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய நிலையைக் காண்கிறோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்திய மொழி இதழ்கள் தன்னைப் பற்றி என்ன எழுதுகின்றன என அறிய ஆங்கில அரசு விரும்பியது. மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு மாகாணந்தோறும் ஆங்கிலத்தில் அறிக்கைகள் தொகுத்தது. லிட்டன் பிரபு 1878-இல் இந்திய மொழி இதழ்களை ஒடுக்கத் தனிச் சட்டம் இயற்றிய காலம் அது. அன்றைய இதழ்கள் பல மறைந்தொழிந்தன; அரசின் அறிக்கைகள் எஞ்சின. ஆதலின், தமிழில் எழுதப்பட்ட ஒன்றை ஆங்கிலச் சுருக்கத்தில் மட்டுமே காணும் நிலை ஆராய்ச்சியாளர்க்கு நேர்கிறது. அதனைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. அரசு தேடியது தன்னைப் பற்றிய குறைகூறல்களையே. கதையும் பாட்டும் விளம்பரமும் அதன் நோக்கத்திற்கு வேண்டாதவை.

இன்று முத்திரைக் கணக்கு இல்லை. அத்தகைய அறிக்கைகளும் இல்லை. அப்படியானால் நம் இதழ்களைக் காப்பவர் யார்? நூல்களைப் பொது நூலகங்கட்கு அளிக்க வகைசெய்த 1954-ஆம் ஆண்டுச் சட்டம், 1956-இல் செய்தித்தாள்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கொல்கத்தா தேசிய நூலகத்திலும் சென்னைக் கன்னிமரா நூலகத்திலும் நம் மொழி இதழ்கள் சேர்வது இதனால்தான். எனினும், வெளி மாநில நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களும், அன்பர் சிலர் கூடி நடத்திய சிற்றிதழ்களும் நூலகங்களை எட்டாமலே போய்விடுதல் கூடும். மரக்கூழால் ஆன மலிந்த காகிதமோ சில பத்தாண்டுகளில் பழுத்து ஒடியத் தொடங்கும்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதற்குச் செய்யக்கூடியது அரிய செயலன்று. வீட்டிலோ சங்கத்திலோ உள்ள பழைய இதழ்களை ஈரமும் வெயிலும் படாமல் வைக்கலாம். தொகுத்துக் கட்டும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்காமல் சேர்க்கலாம். அச்சகத்தின் பெயரும் விலையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எத்தனை படிகள் அச்சாயின, யார் பொருள் உதவினர் என்பதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, இதழோடு சேர்த்து வைக்கலாம். இரண்டாம் படி இருப்பின் அதனை நூலகம் ஒன்றிற்கு அளிக்கலாம். அன்று அயலார் வரிக்காகவும் அச்சத்தாலும் வைத்த கணக்கை, இன்று நாம் அன்பினால் வைப்போமாக.